2001 நிலநடுக்கத்தில் தப்பிய பழைய அடுக்ககம் இன்னொரு முறையும் தாங்குமா?

மணிநகர்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அகமதாபாத்தில், மணிநகரை அடுத்த ஒரு பகுதியில் குடியிருக்கிறேன். எங்கள் அடுக்ககம் 1995-இல் கட்டி முடிக்கப்பட்டது. தரைத்தளம் முழுவதும் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்துவதற்கு விடப்பட்டிருக்கிறது. அதன்மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்கு வீடுகள். லிஃப்ட் கிடையாது. இந்த ஊரில் அந்தக் காலத்தில் எழுந்த ஆயிரக்கணக்கான கட்டிடங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இதே அமைப்பில்தான் இருக்கும்.

2001 ஜனவரி 26 அன்று காலை 8.46 மணிக்கு நான் இரண்டாம் மாடியில் இருந்தேன். குடியரசு நாள் என்பதால் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். அடுப்பின் மேல் இருந்த பால் பாத்திரம் தானாக நகர்ந்து சுவரில் இடித்ததும், படிக்கட்டில் யாரோ மூட்டைகளை உருட்டுவது போல ஓசை கேட்டதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. கீழே இறங்கி வந்து பார்த்தபோது எங்கள் கட்டிடம் நின்றுகொண்டிருந்தது. இரண்டு தெருக்களுக்கு அப்பால் இதே உயரத்தில் இருந்த ஒரு கட்டிடத்தில் தரைத்தளத்தைக் காணவில்லை. முதல் மாடியின் பால்கனி தெருமட்டத்தில் இருந்தது.

எங்களுக்கு ஏற்பட்ட சேதம் என்று பார்த்தால், படிக்கட்டுச் சுவரில் குறுக்கு விரிசல்களும், தரைத்தளத் தூண்கள் இரண்டின் உச்சியில் பூச்சு உதிர்ந்ததும்தான். கட்டியவரின் ஆட்கள் வந்து சிமென்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு யாரும் அந்தத் தூண்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய தூணில் மூலையோரமாக மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. அதில் துருக்கறை வடிந்திருக்கிறது. இதைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். "அவ்வளவு பெரிய ஆட்டத்தையே தாங்கிய கட்டிடம், இனி எதையும் தாங்கும்" என்று பாதிப்பேர் சொல்லிவிட்டார்கள். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒருமுறை தப்பியதை வலிமைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? கொள்ளக்கூடாது என்றால், எங்களைப் போன்ற பழைய கான்கிரீட் கட்டிடத்தில் எதை, எங்கே பார்க்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கட்டமைப்புப் பொறியாளன் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் சங்கத்தாரின் வாதம் எல்லா ஊரிலும் கேட்கக்கூடியதுதான். முதலில் அன்று அகமதாபாத்தை உலுக்கிய அதிர்வு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். நிலநடுக்கத்தின் மையம் குஜராத்தின் கச்சு மாவட்டத்தில், பச்சாவு அருகே, உங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அதன் அளவு 7.7. ஆனால் உங்கள் ஊரை வந்தடைந்த அதிர்வின் உச்சம், அங்குள்ள பாஸ்போர்ட் அலுவலகக் கட்டிடத்தின் அடியில் இருந்த கருவியில் பதிவானபடி, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். பொறியாளர்களின் கணக்கில் இது மிதமான ஆட்டம். அந்த மிதமான ஆட்டத்திலேயே உங்கள் நகரில் பல அடுக்ககங்கள் நொறுங்கி, எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே உங்கள் கட்டிடம் "அவ்வளவு பெரிய ஆட்டத்தை" இன்னும் சந்திக்கவே இல்லை என்பதுதான் உண்மை நிலை.

ஒருமுறை தப்பியது மறுமுறை உடைந்ததற்கு நன்கு ஆராயப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் 1966-இல் கட்டப்பட்ட ஏழு மாடி ஓட்டல். 1971 பிப்ரவரி 9 அன்று நிகழ்ந்த சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் அதற்குப் பெரும்பாலும் பூச்சுச் சேதம்தான் ஏற்பட்டது. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அதே கட்டிடத்தின் நான்காம் தளத் தூண்கள் வரிசையாகக் குறுக்காகப் பிளந்து, உள்ளிருந்த கம்பிகள் வெளியே பிதுங்கின. நல்லவேளையாகக் கட்டிடம் விழவில்லை. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அது வலுவான கட்டிடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இனி, எதைப் பார்க்க வேண்டும் என்பது. பழைய கான்கிரீட் கட்டிடத்தின் தலையெழுத்தைத் தூணின் நெடுக்குக் கம்பிகளைக் காட்டிலும் அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரிங்தான் எழுதுகிறது. எடையை மட்டும் தாங்கும்போது ரிங்குக்கு அதிக வேலை இல்லை. கட்டிடம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. தூணின் உச்சியிலும் அடியிலும் வெளிப்புறக் கான்கிரீட் முதல் சில ஆட்டங்களிலேயே தெறித்து விழுந்துவிடும். அதன் பிறகு உள்ளே நொறுங்கத் தொடங்கும் கான்கிரீட்டைச் சிதறவிடாமல் பிடித்து வைத்திருப்பது ரிங் மட்டுமே. சாக்கில் இறுகக் கட்டிய மணல்மூட்டையின் மேல் ஆள் ஏறி நிற்கலாம். சாக்கு கிழிந்தால் அதே மணல் தன் எடையைக்கூடத் தாங்காமல் சரிந்துவிடும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

1971-இல் கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனையில் இது கண்முன் தெரிந்தது. புத்தம் புதிய கட்டிடம் அது. அதன் தரைத்தளம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது. நெருக்கமான சுருள் கம்பி சுற்றப்பட்ட தூண்கள் கோணலாகிப் பூச்சு இழந்தும் மேலே இருந்த பாரத்தைச் சுமந்துகொண்டே நின்றன. தள்ளித் தள்ளி ரிங் கட்டப்பட்ட மூலைத் தூண்களோ கற்குவியலாகிவிட்டன. ஒரே கட்டிடம், ஒரே அதிர்வு. வேறுபாடு வளையத்தில் மட்டுமே இருந்தது. கலிபோர்னியாவின் கான்கிரீட் விதிகள் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் முற்றிலும் மாறின. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 2015-இல் கொண்டுவந்த சட்டம், 1977 ஜனவரிக்கு முன் அனுமதி பெற்ற கான்கிரீட் கட்டிடங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றைச் சீர்செய்ய 25 ஆண்டுகள் கெடு கொடுத்ததற்குக் காரணம் இதுதான். ஜப்பானிலும் இதே கதை வேறு ஆண்டுகளில் நடந்தது. 1968-இல் தொகாச்சி கடற்பகுதி நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டிடங்களின் குட்டைத் தூண்கள் பிளந்ததைப் பார்த்து 1971-இல் ரிங் இடைவெளியை நெருக்கினார்கள். 1981-இல் விதி முழுவதையும் திருத்தினார்கள். 1995-இல் கோபே நகரில் விழுந்தவற்றுள் 1981-க்கு முந்தையவையே மிகுதி.

இந்தியாவில் அதற்கு இணையான எல்லைக்கோடு ஐஎஸ் 13920 என்னும் 1993-ஆம் ஆண்டு விதிநூல். உங்கள் கட்டிடம் அதற்குப் பின் வந்ததுதான். ஆனாலும் அகமதாபாத்தின் தனியார் அடுக்ககங்களில் அந்த விதிநூல் பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது. கணக்கைப் பாருங்கள். சுவருக்குள் மறையும்படி 230 மில்லிமீட்டர் அகலத்தில் எழுப்பிய தூணுக்குப் பழைய பொது விதிப்படி 230 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங் போட்டால் போதும். நிலநடுக்க விதிப்படி, அதே தூணின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் குறைந்தது 450 மில்லிமீட்டர் நீளத்துக்கு 75 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங் வேண்டும். அதாவது மூன்று மடங்கு நெருக்கம். ரிங்கின் முனையையும் வெறுமனே செங்கோணமாக மடித்து விட்டுவிடக் கூடாது; 135 பாகைக்கு வளைத்து, முனை தூணின் உள்ளே புதையும்படி விட வேண்டும். செங்கோணக் கொக்கி வெளிப்புறக் கான்கிரீட்டின் பிடியில்தான் நிற்கிறது; அந்தக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது திறந்துகொள்ளும்.

உங்கள் கட்டிடத்துக்குத் தனியாக இன்னொரு குறையும் உண்டு. மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் அடைத்துக்கொண்டு இருப்பதால் அந்த நான்கு மாடிகளும் ஒரே பெட்டியாக விறைத்து நிற்கும். கீழே சுவரே இல்லாததால், கட்டிடம் வளைய வேண்டிய வளைவு முழுவதும் தரைத்தளத் தூண்களில் வந்து இறங்கும். இதைக் கருதித்தான், நிலநடுக்க விசையைக் கணக்கிடும் விதிநூலான, 2002-இல் திருத்தப்பட்ட ஐஎஸ் 1893, இத்தகைய தரைத்தளத் தூண்களையும் உத்திரங்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்றது. 1995-இல் கட்டியவர் அந்த விதியைப் பார்த்திருக்க வழியில்லை.

கம்பியும் கலவையும் எழுதியது:

மேலே பொறியாளர் ஐயா சொன்ன கொக்கியை நான் கையில் எடுத்துப் பார்த்தவன் என்பதால் சில வார்த்தைகள் எழுதுகிறேன். 2001-இல் நான் தளக் கண்காணிப்பாளனாக வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சேதமடைந்த கட்டிடங்களைப் பார்வையிடச் சென்ற குழுவுடன் அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு அகமதாபாத் போனேன். முதலில் பார்த்த தூணில், முறுக்கு அவிழ்ந்த கயிறுபோல ரிங்குகள் வாய் திறந்து தொங்கின. ஆறு மில்லிமீட்டர் கம்பிதான். இரண்டு ரிங்குகளுக்கு நடுவே என் முழங்கை வரை உள்ளே போயிற்று. நெடுக்குக் கம்பிகள் அந்த இடைவெளியில் வில்லாக வளைந்திருந்தன.

அதைவிட என்னை அதிர வைத்தது தூணும் உத்திரமும் சேரும் முடிச்சு. அங்கே ரிங் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்பது தளத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். உத்திரத்தின் கம்பிக்கூட்டை மேலே வைத்துக் கட்டி, பிறகு பலகைக்குள் இறக்குவார்கள். இறக்கிய பின் அந்த முடிச்சுக்குள் கைவிட்டு ரிங் கோப்பது பெரும் தொல்லை. கம்பி கட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை; வரைபடத்திலேயே அந்த இடத்தில் ரிங் வரையப்பட்டிருக்காது. இன்னொன்று, தூண் கம்பிகளின் ஒட்டு. தளம் போட்டதும் நீட்டிவிட்ட கம்பியோடு அடுத்த மாடிக் கம்பியை அங்கேயே சேர்த்துக் கட்டிவிடுவது வழக்கம். தூண் அதிகம் வளையும் இடம் அதுதான் என்பதை எனக்கு அன்றுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒட்டு தூணின் நடுப்பாகத்தில்தான் வர வேண்டும்.

லிஃப்ட் உள்ள உயரமான கட்டிடங்கள் சிலவற்றில் வேறொரு காட்சி. லிஃப்டைச் சுற்றிய கான்கிரீட் கூண்டு மட்டும் தனிக்கோபுரமாக நின்றது. வீடுகள் அதிலிருந்து பிய்ந்து போயிருந்தன. கூண்டையும் கட்டிடத்தையும் இணைத்தது மெல்லிய தளம் மட்டுமே. கூண்டுக்கு வலிமை இருந்தும் அது வீடுகளுக்கு உதவவில்லை.

மணிநகர் ஐயா ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் மேல்மாடிகள் தரைத்தளத் தூண் வரிசையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கின்றனவா? உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மூன்று நான்கு அடி வெளியே இழுத்து, அந்த நீட்டலின் விளிம்பில் மேல்மாடித் தூண்களைத் தொடங்குவது பரவலாக இருந்தது. அந்தத் தூண்கள் நிலத்துக்கு வருவதே இல்லை, தொங்குகின்றன. அப்படி இருந்தால் பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைநீர்க் குழாயைத் தூணுக்குள் புதைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்; நான்கு அங்குலக் குழாய் உள்ளே ஓடினால், ஒன்பது அங்குலத் தூணில் என்ன மிச்சமிருக்கும்?

ஓய்வுபெற்ற ஒப்பந்ததாரர் எழுதியது:

எல்லோரும் இப்படி அச்சுறுத்தினால் மக்கள் வீட்டில் தூங்க முடியாது. நான் 35 ஆண்டுகள் கட்டிட வேலை எடுத்துச் செய்தவன். அகமதாபாத்தில் 2001-ஐ ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ 25,000 ஐந்து தளக் கட்டிடங்கள் இருந்ததாகப் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை இதே அமைப்பு, இதே ரிங், இதே கொக்கி. விழுந்தவை நூற்றில் ஒன்றுகூட இல்லையே! அப்படியானால் மீதமுள்ள 99 கட்டிடங்கள் எப்படி நின்றன? விதிநூலில் இருப்பதெல்லாம் இல்லாவிட்டால் கட்டிடம் விழுந்துவிடும் என்று சொல்வது சரியாகப் படவில்லை. மேலும், 25 ஆண்டு கடந்த கட்டிடத்தில் 75 விழுக்காட்டினர் ஒப்பினால் இடித்துக் கட்டலாம் என்று குஜராத் அரசு சட்டம் திருத்திய பிறகு, "உங்கள் கட்டிடம் ஆபத்தானது" என்று சொல்லிக்கொண்டு மனை தேடி வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். கேள்வி கேட்ட ஐயா யார் பேச்சையும் கேட்டு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

வெலிங்டன் தமிழன் எழுதியது:

நான் நியூசிலாந்தில் வசிக்கிறேன். தொழிலால் பொறியாளன் அல்லன். ஆயினும் "தப்பிய கட்டிடம்" என்ற சொல்லை இந்த நாட்டில் யாரும் இலேசாகச் சொல்ல மாட்டார்கள். 2010 செப்டம்பர் 4 அன்று விடியலுக்கு முன் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் 7.1 அளவில் நிலம் நடுங்கியது. நகரின் நடுவில் இருந்த சிடிவி கட்டிடம், 1986-இல் வடிவமைக்கப்பட்ட ஆறு மாடிக் கான்கிரீட் கட்டிடம், அதில் தப்பியது. பார்வையிட்டு, உள்ளே புழங்கலாம் என்பதைக் குறிக்கும் பச்சை அட்டை ஒட்டினார்கள். அட்டை ஒட்ட வந்தவர்களில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரும் இல்லை என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. 2011 பிப்ரவரி 22 நண்பகல் கடந்து, முன்னதைவிடச் சிறிய, 6.2 அளவிலான நிலநடுக்கம் நகரின் வாசலிலேயே நிகழ்ந்தது. அந்தக் கட்டிடம் சில விநாடிகளில் தட்டுத் தட்டாக அடுக்கி விழுந்தது. அன்று நகரில் இறந்த 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டிடத்தில் இறந்தார்கள்.

விசாரணை ஆணையம் அதன் தூண்களைப் பற்றி நீளமாக எழுதியது. 400 மில்லிமீட்டர் வட்டத் தூண்களில் 6 மில்லிமீட்டர் சுருள் கம்பி, 250 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. பொறியாளர் ஐயா ஆலிவ் வியூவில் சுருள் கம்பி காத்ததைச் சொன்னார். இங்கும் சுருள்தான், ஆனால் அந்த இடைவெளியில் அது பெயருக்குத்தான் சுருள். கம்பியும் கலவையும் நண்பர் சொன்ன காட்சியும் இங்கே இருந்தது. வடக்குப் பக்கத்துப் படிக்கட்டு, லிஃப்ட் கூண்டு தனியாக நின்றது. தளங்கள் அதிலிருந்து பிய்ந்து கீழே கிடந்தன. அந்த வடிவமைப்பு அக்கால விதிக்கே பொருந்தவில்லை என்றும், அதற்கு அனுமதி வழங்கியிருக்கவே கூடாது என்றும் ஆணையம் சொன்னது.

இந்த நாட்டில் 2017-இல் நடைமுறைக்கு வந்த முறைப்படி, புதிய கட்டிடத்துக்கு வேண்டிய வலிமையில் 34 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் கட்டிடத்தின் வாசலிலேயே அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் தெருமுனைக் காப்பிக்கடைக் கதவில், உணவுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அது ஒட்டியிருந்தது. உள்ளே போவதும் போகாததும் நம் விருப்பம். உங்கள் ஊரில் அப்படி ஓர் அட்டை இல்லாததால்தான் சங்கக் கூட்டத்தில் குரல் உயர்த்துகிறவர் வெல்கிறார் என்று நினைக்கிறேன்.

கட்டமைப்புப் பொறியாளன் எழுதியது:

ஒப்பந்ததாரர் ஐயாவின் கேள்வி நியாயமானது. 99 ஏன் நின்றன? அதிர்வு மிதமாக இருந்தது முதற்காரணம். பல கட்டிடங்களில் தரைத்தளத்தில் கடைகளோ காவலர் அறையோ இருந்து, அவற்றின் செங்கல் சுவர்கள் கணக்கில் வராத துணையாக நின்றன. மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றன்று. சபர்மதியின் பழைய தடங்களில் படிந்த மென்மையான வண்டலின் மேல் சேதம் கூடுதலாக இருந்தது. 1985-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையில் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் களிமண் அந்த அதிர்வை மெதுவான பேராட்டமாகப் பெருக்கியது; அந்தத் தாளத்தோடு இசைந்து ஆடிய நடுத்தர உயரக் கட்டிடங்கள்தான் அதிகம் விழுந்தன, பக்கத்தில் இருந்த தாழ்ந்த கட்டிடங்கள் பல நின்றன. ஆகவே நின்ற 99-இல் வலிமையால் நின்றவை எத்தனை, மண்ணும் சுவரும் தற்செயலும் காத்தவை எத்தனை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பழைய கட்டிடம் எல்லாம் விழும் என்று நான் சொல்ல மாட்டேன். விழக்கூடியதும் விழாததும் பூசிய பின் ஒன்றுபோலவே தெரியும். தொல்லையே அங்கேதான் இருக்கிறது. மனை தேடி வருகிறவர்களைப் பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை; அதனால்தான் இடித்துக் கட்டுவதில் ஆதாயம் இல்லாத ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்பேன்.

மணிநகர் ஐயாவுக்கு நடைமுறையாகச் சொல்கிறேன். பழைய கட்டிடங்களை ஆராய்வதற்கென்றே ஐஎஸ் 15988 என்னும் விதிநூல் 2013-இல் வந்திருக்கிறது. அதன்படி முதலில் மேலோட்டமான கணக்கு. அதில் தேறாவிட்டால் விரிவான ஆய்வு. ஆய்வுக்கு வருகிறவர் சுத்தியல் கருவியைத் தூணில் தட்டிப் பார்த்துவிட்டு, கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டும் எண்ணை எழுதித் தந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கம்பியைக் கண்டறியும் கருவியை எல்லாத் தரைத்தளத் தூண்களிலும் ஓட்டி ரிங் இடைவெளியைக் குறிக்க வேண்டும். ஆனால் அந்தக் கருவி கொக்கியைக் காட்டாது. அதற்கு இரண்டு மூன்று தூண்களின் உச்சியில், உத்திரத்துக்குச் சற்றுக் கீழே, பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் அளவாகக் கொத்தித்தான் பார்க்க வேண்டும். 2001-இல் பூச்சு உதிர்ந்த இரண்டு தூண்களையும் அதில் சேருங்கள். பூச்சுக்கு அடியில் பழைய குறுக்கு விரிசல் ஒளிந்திருக்கலாம். துரு வடியும் தூணைப் பொறுத்தவரை ஐயமே வேண்டாம். மூலையோரமாக நெடுக்கில் ஓடும் விரிசல், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளுவதன் அடையாளம். ரிங் மெல்லிய கம்பி என்பதாலும், வெளிப்பரப்புக்கு மிக அருகில் இருப்பதாலும், துரு முதலில் தின்பது அதைத்தான்.

வலுவூட்டும் வழிகளில் உங்கள் கட்டிடத்துக்கு நான் முதலில் எண்ணிப் பார்ப்பது, தரைத்தளத்தில் சில இடங்களில் மட்டும், இரு திசைகளிலும், இரு பக்கமும் சமமாக வரும்படி அடித்தளத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்புவது. ஆறேழு வண்டிகளின் இடம் போகும். சுவர்களை எல்லாம் ஒரே பக்கம் வைத்தால் கட்டிடம் முறுக்கிக்கொள்ளும். அது இருக்கும் நிலையைவிட மோசம். தூணைச் சுற்றிப் புதுக்கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவது அடுத்த வழி. நான் பார்த்த சில கட்டிடங்களில் அந்த உறை, தரையில் பதித்த கல்லின் மேல் தொடங்கி உத்திரத்தின் அடியில் முடிந்திருந்தது. கம்பி அடித்தளத்துக்குள் இறங்காமலும் தளத்தைத் துளைத்து மேலே ஏறாமலும் நிற்கும் உறையால் தூண் பருமனாகத் தெரியும், உச்சியும் அடியும் பழைய பலவீனத்தோடே இருக்கும். பிசினில் தோய்த்த கண்ணாடியிழை அல்லது கரியிழைத் துணியைத் தூணில் சுற்றுவதைப் பலர் விரைவான வழி என்று சொல்வார்கள். அது ரிங்குக்கு ஈடாக இறுக்கம் தரும்; ஆனால் உங்கள் தரைத்தளத்தின் தளர்ச்சியைக் குறைக்காது. ஒன்பது அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலம் என்பது போன்ற தட்டையான தூணில் அதன் இறுக்கமும் வட்டத் தூணில் இருப்பதுபோல் இருக்காது.

மணிநகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கூட்டத்தில் படித்தேன். கிறைஸ்ட்சர்ச் பகுதியைப் படித்தபோது யாரும் பேசவில்லை. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மேற்பார்வையில் ஆய்வு செய்ய இசைந்தார்கள். நேற்று முதல் தூணைக் கொத்திப் பார்த்தோம். உச்சியிலிருந்து இரண்டடிக்குள் மூன்று ரிங்குகள்தான் இருந்தன. கொக்கி செங்கோணம்தான். மூன்றும் ஒரே மூலையில் முடிந்திருந்தன. 2001-இல் பூசிய பூச்சுக்கு அடியில் இரண்டு குறுக்கு விரிசல்கள், பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இருந்தன. படிக்கட்டுப் பக்கம் மேல்மாடி மூன்றடி வெளியே நீள்கிறது. ஆனால் அதன் விளிம்பில் தூண் ஏதும் எழவில்லை. மழைநீர்க் குழாய் வெளியில்தான் செல்கிறது. பேராசிரியர் அடுத்த வாரம் மற்ற தூண்களில் கருவி வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொட்டியருகே துருப்பிடித்த தூணையும் கொத்தலாமா என்று கேட்டோம். இப்போதைக்கு வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை.

கட்டமைப்புப் பொறியாளன் எழுதியது:

அவர் சொன்னது சரி. அந்தத் தூணில் ரிங் ஏற்கெனவே அற்றுப் போயிருக்கலாம்; அப்படியிருந்தால் வெளிக் கான்கிரீட்டும் சேர்ந்துதான் இன்று பாரத்தைத் தாங்குகிறது. இரு பக்கமும் உத்திரத்துக்கு அடியில் இரும்பு முட்டுகளை, உறுதியான தரையின் மேல் பலகை வைத்து, இறுக்கி நிறுத்திய பிறகே அதில் உளி வைக்க வேண்டும். அதற்குள் தொட்டியின் கசிவை அடைத்துவிடுங்கள். அந்தத் தூணை ஒட்டி வண்டிகளை நிறுத்தவும் வேண்டாம். பெருக்கல் குறி விரிசல்களின் அகலத்தை அளந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, தேதியோடு இங்கே பதிந்தால் பார்த்துச் சொல்கிறேன்.